பூட்டி வெச்ச ஃபைலும் 45 வருஷத் தண்டனையும்

இன்னைக்குக் கதை போஸ்னியாவில் ஒரு கிராமத்தில் ஆரம்பிச்சு நெதர்லாந்தில் ஒரு கோர்ட்டுக்குப் போகுது. அதுக்கு முன்னாடி என் ஆபீஸ் கதை ஒண்ணு. சின்னதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ப்ரொடக்‌ஷன் சர்வரில் ஒரு டேபிள் முழுசா காலி. கடைசியா டிப்ளாய் பண்ணது எங்க டீம்ல இருந்த ஒரு பையன். அதனால பழி நேரா அவன் மேல. "ஆக்சஸ் லாக் கொடுங்க, யார் எப்ப உள்ளே வந்தாங்கன்னு பார்த்துடலாம்"னு கேட்டோம். லாக் வெச்சிருந்த டீம் "செக்யூரிட்டி பாலிசி, தர முடியாது"ன்னு சொல்லிட்டாங்க. அந்த வருஷம் அவனுக்கு அப்ரைசல் போச்சு. சில மாசம் கழிச்சு அந்த டீமுக்கு மேனேஜர் மாறினார், லாக் வெளியே வந்துச்சு. அழிச்சது அவன் கோட் இல்ல. லாக் வெச்சிருந்த டீமோட ஸ்கிரிப்ட். அதுக்குள்ள அவன் வேற கம்பெனிக்குப் போயிட்டான்.

பிளாஷ்கிச் வழக்கைப் படிக்கும்போது எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல. எங்க ஆபீஸ்ல யாரும் சாகல.

1993 ஏப்ரல் 16. மத்திய போஸ்னியாவில் லாஷ்வா பள்ளத்தாக்கு. அங்கே அஹ்மிச்சின்னு ஒரு கிராமம், போஸ்னிய முஸ்லிம்களும் குரோட்டுகளும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்த ஊர். விடியற்காலையில் போஸ்னியக் குரோட் படையான ஹெச்.வி.ஓ.வின் ராணுவப் போலீஸ் உள்ளே நுழைஞ்சது. நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், வயசானவங்க. குரோட் வீடுகளைத் தொடல, முஸ்லிம் வீடுகளைக் கொளுத்தினாங்க. ரெண்டு மசூதிகளில் ஒண்ணோட மினாரா சாய்ஞ்சு கிடக்கிற போட்டோவை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கலாம். ஐ.நா. பணியில் இருந்த பிரிட்டிஷ் படையினர் சில நாள் கழிச்சு அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் உலகத்துக்கே தெரிஞ்சது.

அந்தப் பகுதிக்கு ஹெச்.வி.ஓ. தளபதி டிஹோமிர் பிளாஷ்கிச். அப்போ வயசு முப்பத்திரண்டோ முப்பத்திமூணோ. இங்கே கூட்டத்தில் இருக்கிற சில டீம் லீட்களோட வயசு. 1995 நவம்பரில் ஹேக் நகரத்தில் இருந்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் அவர் மேல் குற்றப்பத்திரிகை போட்டுச்சு. 1996 ஏப்ரல் 1 அன்னைக்கு அவரே போய்ச் சரணடைஞ்சார்.

இப்போ வழக்கோட மையக் கேள்வி என்னன்னா, அஹ்மிச்சிக்குப் போன ராணுவப் போலீஸ் யாருடைய உத்தரவில் போச்சு? மேப்பில் பார்த்தா அந்த ஏரியா பிளாஷ்கிச்சோடது. ஆனா ஆர்க் சார்ட்டில் ஒருத்தர் பேர் மேலே இருக்குன்னா, கீழே இருக்கிறவங்க எல்லாம் அவர் பேச்சைத்தான் கேட்டாங்கன்னு அர்த்தமா? ஐடியில் வேலை பார்க்கிறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்ல. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி காகிதம்தான். யார் யாருக்கு உத்தரவு போட்டாங்க, யார் யாருக்கு ரிப்போர்ட் அனுப்பினாங்க.

அந்தக் காகிதம் எங்கே இருந்துச்சு? பெரும்பகுதி பக்கத்து நாடான குரோஷியாவின் தலைநகர் ஸாக்ரெபில்.

1997 ஜனவரியில் தீர்ப்பாய நீதிபதி கேப்ரியேல் கிர்க் மெக்டொனால்ட், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லி குரோஷிய நாட்டுக்கும் அதன் பாதுகாப்பு அமைச்சர் கோய்கோ ஷூஷக்குக்கும் சப்பீனா அனுப்பினார். கேட்டது அரசுத் தரப்பு வக்கீல்கள். சப்பீனாங்கிற லத்தீன் வார்த்தைக்கே 'தவறினால் தண்டனை'ன்னு அர்த்தம். குரோஷியா உடனே எதிர்த்தது. ரெண்டு வாதம். ஒண்ணு, நாங்க இறையாண்மை உள்ள நாடு, எங்களுக்கு எப்படி சப்பீனா அனுப்புவீங்க? ரெண்டாவது, இது தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஆவணம், தர மாட்டோம்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்கணும். தீர்ப்பாயத்தோட ஒத்துழைக்கிறதுக்குன்னு குரோஷியா ஏற்கெனவே 1996லேயே ஒரு அரசியல் சட்ட அந்தஸ்துள்ள சட்டம் போட்டிருந்துச்சு. அதுக்கும் மேல, இந்தத் தீர்ப்பாயத்தை உருவாக்கினதே ஐ.நா. பாதுகாப்பு சபை. 1993 மே மாதம், தீர்மானம் 827. அதன் விதி 29 எல்லா நாடும் ஒத்துழைக்கணும், ஆதாரம் தரணும்னு சொல்லுது. ஆக உள்நாட்டுச் சட்டமும் இருக்கு, சர்வதேசக் கடமையும் இருக்கு. ஃபைல் மட்டும் வரல.

ஏன்னா ஃபைல் ஒரு அலமாரியில் இருக்கு. அந்த அலமாரிக்குச் சாவி ஒரு அதிகாரிகிட்ட இருக்கு. அவர் ஹேக்கில் இருக்கிற நீதிபதிக்குப் பதில் சொல்றவர் இல்ல, தன் அமைச்சருக்குப் பதில் சொல்றவர். அமைச்சர் கையெழுத்துப் போடாம அவர் கொடுத்தா, உள்நாட்டு ரகசியச் சட்டத்தில் அவர்தான் உள்ளே போவார்.

1997 அக்டோபர் 29 அன்னைக்கு மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பு சொன்னது. தலைமை வகிச்சவர் அன்டோனியோ கசேசே, சர்வதேசச் சட்டத்தில் பெரிய பேர். இந்தத் துறையில் இன்னைக்கும் மேற்கோள் காட்டுற தீர்ப்பு. ஒரு நாட்டுக்கு சப்பீனா அனுப்ப முடியாது, ஏன்னா நாட்டுக்குத் தண்டனை கொடுக்க தீர்ப்பாயத்தால் முடியாது. அமைச்சர் மாதிரி அதிகாரிகளுக்கும், அவங்க பதவியில் செஞ்ச வேலைக்காக, அனுப்ப முடியாது. ஆனா 'கட்டாய உத்தரவு' போடலாம், நாடு அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகணும். கட்டுப்படலைன்னா? பாதுகாப்பு சபைகிட்டப் புகார் பண்ணலாம். அவ்வளவுதான். தீர்ப்பாயத்துக்குப் போலீஸ் கிடையாது.

தேசப் பாதுகாப்பு வாதத்துக்கு வந்த பதில்தான் எனக்குப் பிடிச்சது. 'தேசப் பாதுகாப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எல்லாத்தையும் மூடி வைக்க முடியாதுன்னாங்க. நிஜமாவே ரகசியம்னா, நீதிபதி மூடின அறையில் தனியா பார்த்து முடிவு பண்ணட்டும், தேவைப்பட்டா சில பகுதிகளை மறைச்சுக் கொடுக்கட்டும். ரகசியமா இல்லையாங்கிறதை ஃபைல் வெச்சிருக்கிறவரே முடிவு பண்ணக் கூடாது.

பிடிக்காதது ஒண்ணும் இருக்கு. ஆவணம் கேட்கிறதுக்கு நாலு நிபந்தனை வெச்சாங்க. எந்த ஆவணம்னு குறிப்பா சொல்லணும். வழக்குக்கு ஏன் தேவைன்னு சொல்லணும். தேடிக் கொடுக்கிறது தாங்க முடியாத சுமையா இருக்கக் கூடாது. போதுமான அவகாசம் கொடுக்கணும். கடைசி மூணும் நியாயம். முதல் நிபந்தனையை யோசிச்சுப் பாருங்க. ஃபோல்டருக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க உங்களுக்கு பெர்மிஷன் இல்ல, ஆனா உள்ளே இருக்கிற ஃபைலோட முழு பாத் டைப் பண்ணாத்தான் ஓப்பன் ஆகும். இருக்கிறதே தெரியாத ஃபைலை எப்படிப் பேர் சொல்லிக் கேட்கிறது? நாடுகள் "எல்லாத்தையும் கொண்டா"ன்னு கேட்கிற மொத்தக் கோரிக்கைக்குப் பயந்தாங்க, அந்தப் பயத்தில் ஓரளவு நியாயமும் இருக்கு. ஆனா மறைக்க நினைக்கிற நாட்டுக்கு இது ரொம்ப வசதி.

இதெல்லாம் நடந்துட்டு இருக்கும்போதே, 1997 ஜூனில் விசாரணை ஆரம்பிச்சாச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. 150க்கும் மேற்பட்ட சாட்சிகள். பிளாஷ்கிச் தரப்பு என்ன சொல்லுச்சுன்னா, ராணுவப் போலீஸ் நடைமுறையில் என் கட்டுப்பாட்டில் இல்ல, அவங்களுக்கு உத்தரவு வேற வழியில் வந்துச்சு, அஹ்மிச்சி பத்தி நானே விசாரணை கேட்டேன், அது உளவுப் பிரிவு கைக்குப் போச்சு, முடிவு எனக்கு வரவே இல்ல. கேட்கிறதுக்கு எப்படி இருக்கு? மாட்டிக்கிட்ட எந்தத் தளபதியும் சொல்ற கதை மாதிரிதான் இருக்கு. நிரூபிக்கக் காகிதம் இல்ல.

இருந்த காகிதங்களில் ஒண்ணு, டி269ன்னு எண் போட்ட உத்தரவு. ஏப்ரல் 16, அதிகாலை 1.30 மணி, பிளாஷ்கிச் கொடுத்தது. கொலை நடக்கிறதுக்குச் சில மணி நேரம் முன்னாடி. விசாரணை அமர்வு இதைத் தாக்குதல் உத்தரவாகப் படிச்சது. 2000 மார்ச் 3 அன்னைக்குத் தீர்ப்பு. 45 வருஷம் சிறை. அதுவரை அந்தத் தீர்ப்பாயம் கொடுத்ததில் கடுமையான தண்டனைகளில் ஒண்ணு.

இப்போ அந்தத் தேதியைப் பாருங்க. குரோஷியாவின் அதிபர் ஃபிரான்யோ டுஜ்மன் 1999 டிசம்பர் 10 அன்னைக்கு இறந்துட்டார். 2000 ஜனவரியில் தேர்தல், அவர் கட்சி தோத்துப்போச்சு. புது அரசு, புது அதிபர் ஸ்டிபே மெசிச். தீர்ப்பு வரும்போது அவங்க நாற்காலியில் உட்கார்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அதுக்கப்புறம் ஸாக்ரெப் ஆவணக் கிடங்கு கதவு திறந்துச்சு.

உள்ளே இருந்த காகிதங்கள் அரசுத் தரப்பு எதிர்பார்த்த திசையில் மட்டும் போகல. ராணுவப் போலீஸ், உளவுப் பிரிவு, அரசியல் தலைமை இவங்களுக்குள்ள தனி உத்தரவு வழி ஒண்ணு ஓடிட்டு இருந்ததை அவை காட்டுச்சு. பிளாஷ்கிச்சின் வக்கீல்கள் மேல்முறையீட்டில் நாலு தடவை புது ஆதார மனு போட்டாங்க. ஆயிரக்கணக்கான பக்கங்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆவணங்களை அமர்வு ஏத்துக்கிச்சு.

2004 ஜூலை 29. அதே டி269ஐ மேல்முறையீட்டு அமர்வு திரும்பப் படிச்சது, இந்தத் தடவை அக்கம்பக்கத்துக் காகிதங்களோட. அது எதிரித் தாக்குதலைத் தடுக்கிறதுக்கான உத்தரவு, அஹ்மிச்சியில் கொலை பண்ணச் சொன்ன உத்தரவு இல்லைன்னு முடிவு பண்ணாங்க. ஒரே ஒரு மெயிலைப் பார்த்தா ஒரு அர்த்தம், முழு த்ரெட்டையும் பார்த்தா வேற அர்த்தம். அஹ்மிச்சி உட்பட பெரும்பாலான குற்றச்சாட்டுகள் விழுந்துச்சு. அவர் சுத்தமானவர்னு தீர்ப்பு வரல, அதையும் சொல்லிடணும். கைதிகளைப் பதுங்குகுழி வெட்ட வெச்சது, மக்களை மனிதக் கேடயமா நிறுத்தினது மாதிரி சில குற்றங்கள் நின்னுச்சு. 45 வருஷம் 9 வருஷமாச்சு. ஆகஸ்ட் 2 அன்னைக்கு வெளியே விட்டுட்டாங்க. அப்போ அவர் உள்ளே இருந்தது எட்டு வருஷம் நாலு மாசம். அரசுத் தரப்பு ஒத்துக்கல, புது ஆதாரம் இருக்குன்னு 2005ல் மறுஆய்வு கேட்டாங்க. அடுத்த வருஷம் அது தள்ளுபடி.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துற இடம் ஒண்ணு. ரகசியம் காக்கிற சட்டங்களைப் பத்திப் பேசும்போது நம்ம மனசில் ஒரு படம் இருக்கு. அரசு தன் ஆளைக் காப்பாத்த ஃபைலை மறைக்குது, பாதிக்கப்பட்டவங்களுக்கு நியாயம் கிடைக்கல. அது நிறைய நடக்குது. ஆனா இங்கே ஸாக்ரெப் யாரைக் காப்பாத்துச்சு? பிளாஷ்கிச்சை இல்ல. அவரை விடுவிக்கக்கூடிய காகிதமே அங்கேதான் இருந்துச்சு. போஸ்னியப் போரில் குரோஷியாவுக்கு எவ்வளவு கை இருந்ததுங்கிறதையும் அந்தக் காகிதங்கள் காட்டும். 'தேசப் பாதுகாப்பு'ன்னு எழுதி ஒட்டின பெட்டிக்குள்ள இருந்தது பெரும்பாலும் ஆட்சியில் இருந்தவங்களோட சங்கடம்னுதான் நான் படிக்கிறேன். அந்தச் சங்கடத்துக்கு விலை கொடுத்தவங்க ரெண்டு பக்கமும் இருந்தாங்க. செய்யாத குற்றத்துக்கும் சேர்த்துத் தண்டிக்கப்பட்ட ஒருத்தர். நிஜமா யார் அனுப்பினதுன்னு தெரியாம வருஷக்கணக்கில் காத்திருந்த ஒரு கிராமம்.

செர்பியா வேற வழி கண்டுபிடிச்சது. மறைக்கல, கொடுத்துச்சு, ஆனா கறுப்பு மை பூசி. மிலோஷெவிச் வழக்குக்காக யூகோஸ்லாவியாவின் உச்சப் பாதுகாப்புக் கவுன்சில் கூட்டக் குறிப்புகளைத் தீர்ப்பாயம் கேட்டுச்சு. அதிபர்களும் தளபதிகளும் உட்கார்ந்து பேசின கூட்டங்கள் அது. சில பகுதிகள் வெளியே போகக் கூடாதுன்னு பெல்கிரேட் பாதுகாப்பு ஏற்பாடு கேட்டு வாங்கிக்கிச்சு. அதே ஊரில், ஹேக்கில், இன்னொரு கோர்ட் இருக்கு. சர்வதேச நீதிமன்றம், நாடுகளுக்கு இடையிலான வழக்குக்கானது. அங்கே போஸ்னியா செர்பியா மேல் இனப்படுகொலை வழக்கு போட்டிருந்துச்சு. மை பூசாத பிரதியை வரவழைங்கன்னு போஸ்னியா கேட்டுச்சு, நீதிமன்றம் வரவழைக்கல. 2007 பிப்ரவரியில் தீர்ப்பு. ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலைதான், செர்பியா அதைத் தடுக்கத் தவறிடுச்சு, ஆனா செர்பிய அரசே அதைச் செஞ்சதா நிரூபணம் ஆகல. துணைத் தலைவர் அல்-கசாவ்னே மாறுபட்ட தீர்ப்பில் இந்த ஆவண விஷயத்தைக் கடுமையா விமர்சிச்சார். முழுப் பிரதி வந்திருந்தா முடிவு மாறியிருக்குமா? மாறாமலும் போயிருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது. ஆனா பார்க்காமலே சொல்லிட்டாங்களேங்கிறது போஸ்னியர்களுக்குத் தீராத வலி.

இன்னைக்கு நிலைமை? 2002ல் இருந்து நிரந்தரமா சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம்னு ஒண்ணு இருக்கு. ரோம் சாசனத்தில் 120க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர். இந்தியா இல்ல, இலங்கையும் இல்ல. சாசனத்தின் விதி 88 ஒவ்வொரு உறுப்பு நாடும் ஒத்துழைக்கிறதுக்கான நடைமுறையைத் தன் உள்நாட்டுச் சட்டத்தில் வெச்சிருக்கணும்னு சொல்லுது. ஸாக்ரெப் அலமாரிப் பிரச்சினைக்கு இதுதான் மருந்துன்னு நினைச்சாங்க. பிரிட்டன் 2001லேயே சட்டம் போட்டுச்சு, கென்யா 2008ல். தேசப் பாதுகாப்புக்குத் தனியா விதி 72. அதில் கடைசி வரைக்கும் பேசிப் பார்க்கணும், தீர்வு தேடணும்னு நிறைய படிகள் இருக்கு. சாவி மட்டும் இன்னமும் நாட்டோட கையில்.

கென்யாவில் அது எப்படி வேலை செஞ்சதுன்னு பாருங்க. 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அதில் குற்றம் சாட்டப்பட்டவங்களில் ஒருத்தர் உஹுரு கென்யாட்டா. அரசுத் தரப்பு அவரோட வங்கிக் கணக்கு, போன், வரி, நிலம், வண்டிப் பதிவு விவரங்களைக் கென்ய அரசுகிட்ட கேட்டுச்சு. 2013ல் அவரே அதிபர் ஆயிட்டார். அதாவது, அதிபரோட ஃபைலை அதிபரோட அரசுகிட்ட கேட்கணும். 2014 அக்டோபரில், இந்த ஆவண ஒத்துழைப்பு பத்தின விசாரணைக்கு அவர் நேரில் ஹேக் வந்தார். பதவியில் இருக்கிற நாட்டுத் தலைவர் ஒருத்தர் அந்த கோர்ட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஊருக்குப் போகும்போது அதிகாரத்தைத் தற்காலிகமா துணை அதிபர் வில்லியம் ரூட்டோகிட்ட ஒப்படைச்சுட்டு வந்தார். ரூட்டோ மேலயும் அதே கோர்ட்டில் வழக்கு ஓடிட்டு இருந்துச்சு. நான் கற்பனை பண்ணிச் சொன்னா நம்ப மாட்டீங்க. டிசம்பரில், போதுமான ஆதாரம் இல்லைன்னு அரசுத் தரப்பே வழக்கை வாபஸ் வாங்கிச்சு. 2016ல் நீதிபதிகள் கென்யா ஒத்துழைக்கத் தவறிடுச்சுன்னு சொல்லி உறுப்பு நாடுகள் சபைக்கு அனுப்பினாங்க. கென்யாட்டா எல்லாக் குற்றச்சாட்டையும் ஆரம்பத்தில் இருந்தே மறுத்துட்டு வந்தவர். அந்த ஃபைலில் இருந்தது அவருக்குப் பாதகமா, சாதகமா? பிளாஷ்கிச் கதை தெரிஞ்ச பிறகு நான் அதை யூகிக்கிறதை விட்டுட்டேன்.

அமெரிக்கா உறுப்பினரே இல்ல. 2002ல் அவங்க போட்ட சட்டம் அந்தக் கோர்ட்டுக்கு உதவுறதையே பெரும்பாலும் தடை பண்ணுச்சு. தங்கள் ஆட்களை மீட்க எந்த வழியையும் பயன்படுத்த அதிபருக்கு அனுமதியும் கொடுத்துச்சு. அதனால அதுக்கு 'ஹேக் படையெடுப்புச் சட்டம்'னு பட்டப்பேர். ரஷ்யா உக்ரைனுக்குள்ள நுழைஞ்ச பிறகு, 2022 டிசம்பரில், உக்ரைன் விசாரணைக்கு மட்டும் உதவலாம்னு திருத்தினாங்க. சட்டம் மாறியும் பென்டகன் பல மாசம் தயங்குச்சு, நாளைக்கு நம்ம ஆட்கள் மேலயும் இதே மாதிரி வந்தா என்ன பண்றதுன்னு. 2023 ஜூலையில் பைடன் உத்தரவு போட்ட பிறகுதான் நகர்ந்துச்சு. ஆக 2002ல் பூட்டினதும் சட்டம், 2022ல் திறந்ததும் சட்டம். நடுவில் மாறினது எதிரில் யார் இருக்காங்கங்கிறதுதான்.

அஹ்மிச்சி என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அரசியல் தலைவர் டாரியோ கோர்டிச்சுக்கு 25 வருஷம், 2004 டிசம்பரில் உறுதியாச்சு. அந்த ராணுவப் போலீஸ் பட்டாலியன் தளபதி பாஷ்கோ லியூபிச்சிச் 2001ல் சரணடைஞ்சார். வழக்கு பிறகு சரயேவோ கோர்ட்டுக்கு மாறுச்சு. 2008ல் குற்றத்தை ஒத்துக்கிட்டார், பத்து வருஷம். கொலை நடந்து பதினஞ்சு வருஷம் கழிச்சு. 2010 ஏப்ரலில் குரோஷிய அதிபர் இவோ யோசிபோவிச் அந்தக் கிராமத்துக்குப் போய் அஞ்சலி செலுத்தினார். மசூதியையும் அதுக்குள்ள திரும்பக் கட்டியிருந்தாங்க.

இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.